ஆயாவோடு போய்வந்த மார்பக கிளினிக்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஆயாவை (என் பாட்டியை) கூட்டிக்கொண்டு டர்பனில் ஒரு மார்பகப் புற்றுநோய் கிளினிக்குக்கு நாலு தடவை போனேன். ஆயாவுக்கு 78 வயது. சின்னக் கட்டி, ஹார்மோனால் வளரும் வகை, அக்குளுக்குப் பரவவில்லை. கட்டியை மட்டும் எடுத்தாயிற்று. அடுத்து கதிர்வீச்சு வேண்டுமா?

டாக்டரம்மா ஃபைலை மூடிவைத்துவிட்டு, ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டார். முருங்கைக்குத் தண்ணீர், காவடிக்குக் கோயில் சமையலில் வெங்காயம் உரிப்பது என்று ஆயா அளந்தார். டாக்டரம்மா அவசரப்படுத்தவே இல்லை. அதற்கே ஐந்து நட்சத்திரம்!

பிறகு 70 தாண்டியவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வைச் சொன்னார். டாமோக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையோடு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 98 சதவீதம் பேருக்கும், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கும் பத்து வருடம் அந்தப் பக்கத்தில் நோய் திரும்பவில்லை. ஆயுளில் வித்தியாசமில்லை.

"கதிர்வீச்சுக்குன்னு மூணு வாரம் தினம் கார்ல அலைய முடியாது கண்ணு," என்றார் ஆயா. மாத்திரைதான் முடிவு. அதில் இரண்டு வகை: லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும், மூட்டு வலிக்கும். டாமோக்சிஃபெனில் ரத்தம் உறையும் ஆபத்து. எலும்பு ஸ்கேன் பார்த்தபின் எது என்று சொல்வார்களாம்.

குறை: ஒன்பது மணிக்கு வரச்சொல்லி பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலிகளோ தாழ்வு, ஆயாவைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டது.