காட்டா-1, பி.யு.1: செல்லின் திசையை முடிவு செய்வது யார்?

எலும்பு மஜ்ஜையில் உள்ள முன்னோடி செல் ஒன்றுக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று சிவப்பணுவுக்கும் இரத்தத் தட்டணுவுக்கும் போகும். மற்றது கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்களுக்கு. முதல் வழிக்குக் காட்டா-1 வேண்டும், இரண்டாவதற்குப் பி.யு.1. இரண்டும் படியெடுத்தல் காரணிகள்: டி.என்.ஏ.வில் தமக்குரிய எழுத்துக்கோவையைத் தேடிப்பிடித்து அமர்ந்து மரபணுக்களை இயக்கும் புரதங்கள். இதுவரை யாருக்கும் சண்டையில்லை. எந்த வழி என்று முடிவெடுப்பது எது என்பதில்தான் ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள்.

முதல் கட்சி கயிறிழுப்பு என்கிறது. ஒரே செல்லில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். தற்செயலாக ஒன்றின் அளவு கூடினால் அது மற்றதை அமுக்கித் தன்னை மேலும் பெருக்கிக்கொள்ளும். இதற்கான ஆதாரங்களை லேசில் ஒதுக்க முடியாது. காட்டா-1 நேரே பி.யு.1ஐப் பற்றிக்கொண்டு, அதற்குத் துணைநிற்கும் சி-ஜுன் புரதத்தைத் தள்ளிவிடுகிறது. பி.யு.1ஐப் பிறழ்ந்து பெருகவைக்கும் ஃப்ரெண்ட் வைரஸ் தாக்கிய எலிகளில் இளம் சிவப்பணுக்கள் முதிராமல் நின்று புற்றாகின்றன. 2005இல் வரிக்குதிரை மீனின் கருவில் காட்டா-1ஐத் தடுத்தபோது, சிவப்பணு ஆகவேண்டிய செல்கள் வெள்ளையணு வழிக்கே திரும்பின.

இந்த மோதல் முடிவெடுப்பதில்லை, முடிவு அதற்கு முன்பே ஆகிவிடுகிறது என்கிறது இரண்டாவது கட்சி. அதன் பலம் 2016இல் டிம் ஷ்ரோடர் குழு வெளியிட்ட ஆய்வு. பி.யு.1உடன் மஞ்சளாகவும் காட்டா-1உடன் சிவப்பாகவும் ஒளிரும் புரதங்களை இணைத்த எலிகளை உருவாக்கி, அவற்றின் இரத்தக் குருத்தணுக்களை (எல்லா இரத்தச் செல்களுக்கும் மூலமான செல்களை) நுண்ணோக்கியின் கீழ் நாள்கணக்கில், தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தார்கள். குருத்தணுவில் மஞ்சள் இருந்தது, சிவப்பு இல்லை. இரண்டும் மல்லுக்கட்டும் கட்டமே தென்படவில்லை. சிவப்பு தோன்றியபோது செல் ஏற்கெனவே தன் வழியைத் தேர்ந்துவிட்டிருந்தது. அதன்பின் எந்தச் செல்லும் மறுவழிக்குத் திரும்பவில்லை.

கண்ணுக்குத் தெரியாத சொற்ப அளவில் காட்டா-1 இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. முதல் கட்சியின் சோதனைகளில் பெரும்பாலானவை ஒரு காரணியை அளவுக்கு மீறிப் பெருக்கியோ அடியோடு நீக்கியோ செய்தவை. கதவை உடைத்துத் திறக்கலாம் என்று காட்டினால், வீட்டுக்காரர் தினமும் எப்படித் திறக்கிறார் என்பது தெரியாது. அவை காட்டும் மோதல் மெய்தான்; ஆனால் அது எடுத்த முடிவைப் பூட்டி வைக்கும் தாழ்ப்பாளாகவே எனக்குப் படுகிறது. பாடநூல் படங்கள் அதையே சாவியாக வரைவது எனக்கு வருத்தம் தருகிறது.

அப்படியானால் சாவி எங்கே? ஒரு தடயம் 2013இல் கிடைத்தது: எம்-சிஎஸ்எஃப் என்ற சைட்டோகைன், அதாவது செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதம், வெளியிலிருந்து வந்து, குருத்தணுவுக்குள் பி.யு.1ஐ நேரடியாகத் தட்டியெழுப்புகிறது.