இயற்கை உரம் என்று சாயம் பூசிய உப்பை விற்கிறார்கள், ஸ்ட்ராபெர்ரி வைத்திருப்பவர்கள் பார்த்து வாங்குங்கள்

கோத்தகிரிப் பக்கம் 20 சென்டில் ஸ்ட்ராபெர்ரி போட்டிருக்கிறேன். நாலாயிரம் நாற்று, சொட்டுநீர், மண்ணை மூடுகிற பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் என்று கையில் இருந்ததெல்லாம் அதில்தான் போனது. நட்டு ஒரு மாதம் இருக்கும், பிக்கப் வண்டியில் ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பளபள நோட்டீஸ். கடல்பாசி, மீன் கழிவு, எலும்புத்தூள் எல்லாம் சேர்ந்த கறுப்புக் குருணையாம். "எவ்வளவு போட்டாலும் செடியை ஒண்ணும் பண்ணாதுங்கண்ணா, சாணி மாதிரிதான், செடிக்கு ஒரு கைப்பிடி வைங்க" என்றார். 50 கிலோ மூட்டை 1,400 ரூபாய், நான்கு வாங்கினேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டு நீட்டினார். நானும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், டிகிரி படித்தவன்தான்.

முதல் வாரம் இலையெல்லாம் கரும்பச்சை. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூட்டிவந்து பெருமையாகக் காட்டினேன் வேறு. பத்தாம் நாள் அடியிலைகளின் ஓரம் இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி தீய்ந்தது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் டீத்தூள் நிறத்தில் இருந்தது.

அப்புறம்தான் ஒரு பிடி குருணையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். சாயம் முதலில் பிரிந்தது, உள்ளே வெள்ளைப் படிகம், கலக்கக் கலக்க அதுவும் காணாமல் போய் அடியில் கொஞ்சம் கரித்தூள் மட்டும். எந்தத் தொழு உரம் இப்படிச் சர்க்கரை மாதிரி கரையும்? அம்மா வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஈரக் குருணையோடு தேய்த்தார், மூக்கைத் துளைக்கிற அமோனியா வாடை. அமோனியம் சல்பேட் என்கிற ரசாயன உர உப்பாகத்தான் இருக்க வேண்டும். அதில் 20.5 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), ஆக ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் வைத்தால் செடிக்கு ஒரே தடவையில் 10 கிராம்.

நான் ரசாயன உரத்துக்கு எதிரி இல்லை. அமோனியம் சல்பேட் என்று சொல்லியே விற்றிருந்தால் செடிக்கு இரண்டு கிராமுக்கு மேல் வைத்திருக்க மாட்டேன், செடியும் பிழைத்திருக்கும். சாணி அளவில் உப்பைப் போட வைத்ததுதான் வயிற்றெரிச்சல். ஸ்ட்ராபெர்ரி உப்பே தாங்காத பயிர், மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் இ.சி. அளவு 1 தாண்டினாலே காய்ப்பு குறையும். என் மண்ணில் 3.2 இருந்தது. ஷீட்டுக்கு அடியில் இருந்ததால் மழையும் கழுவிவிடவில்லை. ஷீட்டைக் கிழித்து நான்கு நாள் தண்ணீர் விட்டதில் பாதிச் செடி தேறியது. இதற்கு நடுவில் வந்த சுற்றுலாக்காரர்களிடம் "இயற்கைப் பழம்" என்று சொல்லி விற்றதும் நான்தான், அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மூட்டையில் தழைச்சத்து 12 சதவீதம் என்று போட்டிருந்தது, அப்போதே விழித்திருக்க வேண்டும். தொழு உரத்தில் அரை சதவீதம் இருந்தால் பெரிது, வேப்பம் புண்ணாக்கில் ஐந்து, கடலைப் புண்ணாக்கில் ஏழு. உரக்கட்டுப்பாட்டு ஆணை 1985-இன்படி மூட்டையில் இருக்க வேண்டிய தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண் எதுவும் இல்லை. வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன், முதல் கேள்வியே பில் எங்கே என்பதுதான்.

இப்போது நடவுக்கு முன்பே மக்கிய தொழு உரம், பிறகு தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் 19:19:19 உரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டுநீரில். பூக்கும்போது சாம்பல்சத்துக்குப் பொட்டாசியம் சல்பேட். மலிவு என்று சிவப்புப் பொட்டாஷ் பக்கம் போகாதீர்கள், அதிலுள்ள குளோரைடு இதற்கு ஆகாது. பொட்டாசியம் சல்பேட்டையும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே தொட்டியில் கலந்தால் ஜிப்சம் படிந்து குழாய் அடைக்கும், அது போன வருஷத்துக் கதை.

வண்டி நீலத் தார்ப்பாய் போட்டது. உங்கள் பக்கம் வந்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் கண் முன்னாலேயே கரைத்துப் பாருங்கள்.