ஓவிய வகுப்புக்கு மூன்று திட்டங்கள்: எந்த வயதுக்கு எது?

ஓவிய வகுப்புக்கு ஆண்டுத் திட்டம் போட உட்கார்ந்தால் பெரும்பாலும் மூன்று வழிகள் தென்படும். கோடு, வடிவம், வண்ணம், ஒளி நிழல் என அடிப்படைகளை வரிசையாகச் சொல்லித்தருவது ஒன்று. 'நீர்', 'வீடு', 'என் முகம்' என ஒரு கருப்பொருளை எடுத்து, சில வாரம் அதையே பல விதமாகச் செய்ய வைப்பது இன்னொன்று. மூன்றாவது, வண்ணத்துக்கு ஒரு மேசை, களிமண்ணுக்கு ஒரு மேசை, கத்தரித்து ஒட்ட ஒரு மேசை என்று போட்டுவிட்டு, என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளிடமே விடுவது. எது சிறந்தது என்று கேட்டால், பிள்ளையின் வயதைத் தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்ல முடியாது என்பேன்.

ஏழு வயதுப் பிள்ளையின் படத்தைப் பாருங்கள். தாளின் அடியில் ஒரு கோடு, அதுதான் தரை. உச்சியில் நீலப் பட்டை, அதுதான் வானம். அம்மா வீட்டைவிட உயரமாக இருப்பார். இதில் திருத்த ஒன்றுமில்லை. கலைக் கல்வியாளர் விக்டர் லோவென்ஃபெல்ட் 1947-ல் குழந்தை ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்தபோது, ஏறக்குறைய ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான காலத்தைத் தனி நிலையாகவே வைத்தார். மரம் என்றால் இப்படி, மனிதர் என்றால் இப்படி என்று பிள்ளை தனக்கென ஒரு வடிவத்தை வைத்திருக்கும் பருவம் அது. அப்போது பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தில் இருப்பதைச் சிறிதாக வரைந்து ஆழம் காட்டும் பாடம் எடுத்தால் ஆசிரியரின் கோட்டைப் பார்த்து அப்படியே போடும், அவ்வளவுதான். இந்த வயதுக்கு மேசைத் திட்டத்தையே தயங்காமல் சொல்வேன். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஜெக் என்ற ஓவிய ஆசிரியர் 1897-ல் சிறார் கலை வகுப்பு தொடங்கியபோதும் நகலெடுக்கும் பயிற்சியை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளின் கற்பனைக்குத்தான் இடம் கொடுத்தார்.

ஒரு எச்சரிக்கை: எல்லா மேசைகளையும் முதல் நாளே திறக்கக் கூடாது. தூரிகையைக் கழுவவும் மூடியை மூடவும் கை பழகிய பிறகு அடுத்ததைத் திறக்கலாம்.

ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறிவிடுகிறது. கண் முந்திக்கொள்கிறது, கை பின்தங்குகிறது. 'எனக்கு வரைய வராது' என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும். அந்த நேரத்தில் 'உனக்குப் பிடித்ததைச் செய்' என்று விட்டால், பல பிள்ளைகள் ஏற்கெனவே கைவந்த கார்ட்டூன் முகத்தையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். அவர்களுக்குத் தேவை, இப்படிப் பார்த்தால் இப்படி வரும் என்று கையைப் பிடித்துக் காட்டும் பாடம். இங்கே அடிப்படை வரிசைதான் வெல்கிறது, அதுவும் சின்னச் சின்னத் துண்டுகளாக. தாளைப் பார்க்காமல் தன் கையின் விளிம்பை மட்டும் வரைவது, நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தை வரைவது, ஒரு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைவது. ஒவ்வொன்றும் ஒரே பாடவேளைக்குள் முடியும், வித்தியாசமும் அப்போதே கண்ணுக்குத் தெரியும். ஒளி நிழல் பழக என்று மாதக்கணக்கில் வெளிர் முதல் அடர் வரை சாம்பல் நிறக் கட்டங்களை நிரப்பச் சொல்வது இதில் சேராது.

சரி, கருப்பொருள் திட்டம்? பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எளிதில் சறுக்கும். ஆசிரியர் ஒரு மாதிரி செய்து காட்ட, முப்பது பிள்ளைகளும் அதே மீனைச் செய்து சுவரில் ஒட்டிவிடுவார்கள். பின்னால் பெயர் இல்லாமல் எது யாருடையது என்று சொல்ல முடியவில்லையென்றால் அந்த வேலை ஆசிரியருடையதுதான்.

ஆனால் பதினொன்று முதல் பதின்மூன்று வயதுக்கு இதைப் போல வேறொன்று இல்லை. 'என் முகம்' என்ற பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அடிப்படை வரிசையில் அது அளவுப் பாடம்: கண்கள் தலையின் உச்சிப் பக்கம் இல்லை, ஏறக்குறைய பாதி உயரத்தில் இருக்கின்றன என்று கண்ணாடியில் அளந்து பார்ப்பது. மேசைத் திட்டத்தில் ஒருவர் களிமண்ணில் செய்வார், இன்னொருவர் முகத்தைத் தொடவே மாட்டார். கருப்பொருள் திட்டத்தில் முதலில் ரெம்பிராண்ட், ஃப்ரீடா காலோ என்ற இரு ஓவியர்களின் சுய உருவப்படங்களை அவசரமில்லாமல் பார்க்கலாம். 'என்ன அர்த்தம்?' என்று கேட்கும் முன் 'என்ன தெரிகிறது?' என்று கேட்கலாம். அப்புறம் அளவு, அப்புறம் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை கலந்து தன் தோல் நிறத்தைத் தேடுவது. கடைசியில் எதில் செய்வது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். மற்ற இரண்டு திட்டங்களும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

மதிப்பெண் போட அடிப்படை வரிசைதான் எளிது. அதற்காக அதைத் தேர்ந்தெடுப்பது சரியில்லை.

நேரக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். நாற்பது நிமிட வகுப்பில் பொருள் கொடுக்கவும் துடைத்து வைக்கவும் கால் மணி நேரம் போய்விடும். பென்சில் பாடத்துக்கு இது தடையே இல்லை. கூட்டம் அதிகம், பொருள் குறைவு என்றால் சின்னப் பிள்ளைகளின் வகுப்பிலும் பென்சில், கிரயான், கத்தரித்த தாள் என மூன்று மேசைகளோடு தொடங்கலாம். களிமண்ணுக்கு மட்டும் எந்தத் திட்டமானாலும் அடுத்தடுத்து இரண்டு பாடவேளை கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பாதி வேலையை ஈரத்துணியும் பிளாஸ்டிக் உறையும் சுற்றி வையுங்கள். பொம்மையின் காய்ந்த உடலில் ஒட்டிய ஈரக் களிமண் கை நிற்காது, விழுந்துவிடும்.