ஆறு வருடம், ஒரு தக்காளி: வீட்டுத் தோட்டத்தில் சொந்த ரகம் உருவாக்கிய அனுபவம்

என் தோட்டத்தில் இப்போது காய்த்துக்கொண்டிருக்கும் தக்காளிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. குறிப்பேட்டில் 14-3-5-2 என்று இருக்கிறது. இரண்டாம் தலைமுறையின் 14-ஆம் செடி, அதன் பிள்ளைகளில் 3-ஆவது, அதன் பிள்ளைகளில் 5-ஆவது, அதற்கடுத்து 2-ஆவது. இப்போது நிற்பவை ஆறாம் தலைமுறைச் செடிகள். காய்கறி வளர்ப்பதோடு நிற்காமல் சொந்தமாக ரகம் உருவாக்கிப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக, இந்த ஆறு வருடத்தில் கற்றதை எழுதுகிறேன்.

ஒரு ஏமாற்றத்தில்தான் எல்லாம் தொடங்கியது. முதல் வருடம் ஹைபிரிட் தக்காளி ஒன்று அருமையாகக் காய்த்தது. விதை எடுத்து அடுத்த பருவம் பத்துச் செடி போட்டேன். ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்று படர்ந்து ஓடியது, ஒன்று குட்டையாகவே நின்றுவிட்டது. விதை கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விதையில் எந்தக் குறையும் இல்லை. இரண்டு ரகங்களை ஒட்டிய, அதாவது ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்த்துக் கலந்த, முதல் தலைமுறை ஒன்றுபோல இருக்கும். அதன் பிள்ளைகளில் பாட்டன் பாட்டி குணங்கள் பிரிந்து வெளிவரும். மெண்டல் பட்டாணியில் கண்டு 1866-இல் அச்சில் வெளியிட்ட கணக்குதான் என் பத்துச் செடியிலும் நடந்திருந்தது. இது புரிந்ததும், எனக்கு வேண்டிய இரண்டு ரகத்தை நானே ஒட்டினால் என்ன என்ற எண்ணம் வந்தது.

தாயாக எடுத்தது உருளைக்கிழங்கு இலை போல ஓரம் வெட்டுப்படாத அகன்ற இலை கொண்ட ரகம். பழம் பெரிது, சுவை பிரமாதம்; ஆனால் வெயில் ஏறினால் பூ உதிர்ந்துவிடும். தந்தை சின்னப் பழம். சூட்டிலும் கொத்துக்கொத்தாகப் பிடிக்கும், சுவை சுமார்.

ஒட்டுவது நினைத்ததைவிட எளிது. மறுநாள் விரியப்போகும் மொட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதழ் லேசாக மஞ்சள் கட்டியிருக்கும், ஆனால் விரிந்திருக்காது. மகரந்தப்பைகள் கூம்பு போல ஒட்டிக்கொண்டு சூல்தண்டை மூடி நிற்கும். கூர்முனை இடுக்கியால் அந்தக் கூம்பை மட்டும் துண்டுதுண்டாக எடுத்துவிட வேண்டும். விரிந்த பூ என்றால் அநேகமாகத் தன் மகரந்தத்தையே ஏற்றிருக்கும், அதனால் பயன் இல்லை. மறுநாள் காலை தந்தைச் செடியின் விரிந்த பூவைக் கறுப்புத் தட்டில் தட்டினால் மஞ்சள் தூள் விழும். அதைச் சூல்முடியில் தொட்டு வைத்தால் போதும். புல்லிதழில் இரண்டின் நுனியைக் கத்தரித்துவிடுங்கள். பெயர் எழுதிக் கட்டிய அட்டை விழுந்தாலும் எது ஒட்டிய காய் என்று பழுக்கும்வரை அடையாளம் தெரியும். பன்னிரண்டு பூவில் எனக்கு நான்குதான் பிடித்தன. நான்கு காய் என்பது வீட்டுத் தோட்டத்துக்கு ஏராளம்.

தாயாக அந்த இலை ரகத்தை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த இலை ஒடுங்கு குணம், அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டும் வெளியே தெரியும் குணம். ஒட்டு உண்மையில் நடந்திருந்தால் நாற்று சாதாரண வெட்டு இலையோடு வரும். தப்பிப்போய்த் தன்மகரந்தத்தில் காய்த்திருந்தால் தாயின் இலையோடு வரும். நாற்றங்காலிலேயே தெரிந்துவிடும். முதல் முறை ஒட்டுபவர்கள் இதேபோல ஒரு ஜோடியைத் தேடிக்கொண்டால் பல மாத வீண்காத்திருப்பு மிச்சம்.

கடினம் தொடங்குவது இரண்டாம் தலைமுறையில். எத்தனை செடி போடுவது? ஒரு ஒடுங்கு குணம் நான்கில் ஒன்றுக்கு வரும். ஒரு செடியாவது கிடைக்கும் என்று 95 சதவீதம் நம்ப வேண்டுமானால் 11 செடி வேண்டும். இரண்டு ஒடுங்கு குணம் ஒரே செடியில் வேண்டுமென்றால் பதினாறில் ஒன்று, அதற்கு 47 செடி. எனக்கு இடம் 24-க்குத்தான் இருந்தது. அதனால் எதை விடுவது என்று விதைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பழத்தின் நிறம், இலை வடிவம் எதையும் பார்ப்பதில்லை. சூட்டில் காய்ப்பது, சுவை, இந்த இரண்டு மட்டும்.

இங்கே நான் செய்த பெரிய தவறைச் சொல்ல வேண்டும். தோட்டத்திலேயே பெரிய பழம் எதுவோ அதிலிருந்து விதை எடுத்தேன். ஒரே செடியில், தன்மகரந்தத்தில் காய்த்த பெரிய பழத்துக்கும் சின்னப் பழத்துக்கும் விதையில் மரபு வித்தியாசம் கிடையாது. பார்க்க வேண்டியது பழத்தை அல்ல, செடியை. அந்தப் பெரிய பழம் தந்த செடி ஓரத்தில் நின்று, நல்ல வெயில் வாங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு பருவம் வீணானது. இப்போதெல்லாம் தொட்டிகளை வாரம் ஒருமுறை இடம் மாற்றி வைக்கிறேன். சுவையையும் ஒரு பழத்தில் முடிவு செய்வதில்லை. மழைக்கு மறுநாள் பறித்த பழம் நீர்த்துத்தான் இருக்கும். வெவ்வேறு நாளில் ஐந்தாறு பழமாவது தின்று பார்த்து மதிப்பெண் போடுகிறேன். அடுத்த தலைமுறைக்குப் போகாத செடியைப் பிடுங்குவதற்கு இன்னும் மனம் கஷ்டப்படுகிறது, நன்றாகக் காய்க்கும் செடியாயிற்றே. ஆனால் இடம் அளவோடு இருக்கும்போது வேறு வழியில்லை.

தலைமுறைக்குத் தலைமுறை கலப்பு பாதியாகக் குறையும். இரண்டாம் தலைமுறையில் பாதி, மூன்றாவதில் கால், ஆறாவதில் முப்பத்திரண்டில் ஒன்று. என் குறிப்பேடும் அதையே காட்டுகிறது. நான்காம் தலைமுறையில் செடிகள் அக்காள் தங்கை போல இருந்தன, இப்போது இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கின்றன.

அட்டை விஷயம்: அழியாத மார்க்கர் என்று எழுதியிருக்கும் மையெல்லாம் ஒரு பருவ வெயிலில் வெளுத்துவிடுகிறது. மூன்றாம் வருடம் இப்படி ஒரு முழு வரிசையின் வம்சாவளியை இழந்தேன். சாதாரண பென்சில் நிற்கிறது. தோட்டத்தின் வரைபடம் ஒன்றையும் நோட்டில் போட்டு வையுங்கள்.

தக்காளியைத் தவிர மற்றவற்றில் என் அனுபவம் குறைவு. பீன்ஸ் பெரும்பாலும் தன்மகரந்தம், விதை சேமிக்கத் தொடங்குபவருக்கு ஏற்றது. வெண்டைக்கு முந்தின மாலையே மொட்டின்மேல் வலைப்பை கட்டிவிட்டால் தேனீ கலக்காது. கத்தரியில் சூல்தண்டு குட்டையாக இருக்கும் பூவில் காய் பிடிக்காது. நீண்ட தண்டுள்ள பூவில் மட்டும் ஒட்டுங்கள்.

பூசணி, சுரை இனத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. பூசணியில் ஆண் பூவையும் பெண் பூவையும் முந்தின மாலை நூலால் கட்டி, விடியற்காலையில் அவிழ்த்துத் தொட்டு, மறுபடி கட்ட வேண்டும். சுரை மாலையில் பூப்பதால் அந்த வேலையை மாலையில் செய்ய வேண்டும். நான் ஒரு வருடம் இதைச் செய்யாமல், அழகுக்கு வளர்த்த அலங்காரப் பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் நின்ற, அதே இனத்துப் பூசணி வகையான சுக்கினியில் விதை எடுத்தேன். அந்த வருடக் காய் இயல்பாகத்தான் இருந்தது. மறுவருடம் அந்த விதையில் வந்த ஒரு கொடியின் காய் வாயில் வைக்க முடியாத கசப்பு. குக்குர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு. சமைத்தாலும் போகாது, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். இந்த இனத்தில் சொந்த விதையில் வந்த காய் எதுவானாலும் பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் தொட்டுப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் கொடியோடு அப்புறப்படுத்துங்கள்.

தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்தால் வழவழப்பு உறை நீங்கும். கழுவி நிழலில் நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத புட்டியில் வைக்கிறேன். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. நான்கு வருடம் முந்தைய விதை இருபதை ஈரத்தாளில் மடித்துப் பார்த்தேன், பதினேழு முளைத்தன.

இந்தப் பருவம் பத்துச் செடி போட்டேன். ஒன்பது ஒன்றுபோலவே இருக்கின்றன. வெயிலில் பூ நிற்கிறது, சுவை தாயிடம் பாதிக்கு மேல் வந்திருக்கிறது, பழ அளவு மட்டும் தந்தையின் பக்கமே சாய்ந்துவிட்டது. பத்தாவது செடியின் பழத்துக்கு நுனியில் ஒரு சிறு கூர். அதன் விதையைத் தனிப் புட்டியில் போட்டு, 14-3-5-2-10 என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.