நாகர்கோவிலில் எடை குறைப்பு ஊசி வாங்கிய அனுபவம்

2025 ஆகஸ்டில் ஐந்து வார விடுப்பில் மஸ்கட்டிலிருந்து தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்தபோது என் எடை 98 கிலோ. உயரம் 168 செ.மீ. என்பதால் உடல் நிறை குறியீடு 34-ஐத் தாண்டியிருந்தது. இரத்த அழுத்த மாத்திரையும் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. எடை குறைப்பு ஊசிகளான மவுஞ்சாரோ அந்த மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்திருந்ததால், ஊரிலேயே ஆறு மாதத்துக்கான ஊசியை மொத்தமாக வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதலில் நுழைந்த மருந்துக்கடையில் சீட்டு எதுவும் கேட்கவில்லை. குளிர்பானப் பாட்டில்கள் அடுக்கிய ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து, அவற்றுக்கு இடையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்கள். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்றும் சொன்னார்கள். நான் வேண்டாமென்று வந்துவிட்டேன். அடுத்த கடையில் இருந்த பெண் மருந்தாளுநர், "அண்ணாச்சி, ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் சீட்டு இல்லாம இந்த ஊசியைத் தர முடியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முகத்தில் அடித்தாற்போல் இருந்தாலும், மருந்துச் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து இது என்பதால், அவர் செய்ததே சரி. எந்தக் கடையில் வாங்குவது என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நாகர்கோவிலில் ஹார்மோன் சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்க மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. எடை எவ்வளவு குறைய வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. கணையத்தில் எப்போதாவது அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, கொழுப்பு ஆகிய பரிசோதனைகளின் முடிவு வந்த பிறகே பேனாவை எடுத்தார். மவுஞ்சாரோ வாரம் ஒரு முறை 2.5 மி.கி., நான்கு வாரத்துக்கு மட்டும். ஆறு மாதத்துக்கு எழுதித் தரக் கேட்டபோது, நான்கு வாரம் கழித்து உடல் எப்படி ஏற்கிறது என்று பார்த்துத்தான் 5 மி.கி.க்குப் போக முடியும் என்றும், பார்க்காமல் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வாந்தியும் நீர்ச்சத்துக் குறைவும் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடும் என்றும் பொறுமையாக விளக்கினார். மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பேசலாமா என்றேன். 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இந்தியாவுக்கு வெளியே இருக்கும் நோயாளிகளுக்குப் பொருந்தாது என்று கூறி, அங்குள்ள மருத்துவரிடம் கொடுக்க ஒரு கடிதம் எழுதித் தந்தார். விடுப்பில் வருபவர்கள் இந்த ஊசியை ஆரம்பிப்பதற்கு முன், திரும்பிப் போகும் இடத்தில் தொடர்ந்து பார்க்க மருத்துவர் இருக்கிறாரா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

சீட்டில் மருத்துவரின் பதிவு எண், என் பெயர், முகவரி, தேதி, மருந்தின் அளவு எல்லாம் இருந்தன. அந்த மருந்தாளுநர் அதை வரி வரியாக வாசித்துவிட்டு, மருந்துக்கென்றே வைத்திருந்த ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவில் மாட்டியிருந்த வெப்பமானி 4 டிகிரி காட்டியது. பெட்டியின் முத்திரை உடையாமல் இருப்பதை என்னிடம் திருப்பிக் காட்டி, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பில்லில் அச்சாகியிருப்பதோடு ஒத்திருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். மார்ச்சில் அறிமுகமானபோது 2.5 மி.கி. குப்பி ஒன்றின் விலை 3,500 ரூபாய். நான்கு வாரத்துக்கு 14,000. எங்கள் பக்கத்தில் பலருக்கு ஒரு மாதச் சம்பளமே அவ்வளவுதான் என்பதால், விலை மலிந்த கள்ளச் சரக்குக்கு ஆள் இருப்பதில் வியப்பில்லை. ஐஸ் பொதிகள் குப்பியை நேராகத் தொடாதபடி துணி சுற்றிப் பையில் வைத்துத் தந்தார். உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்தவே கூடாது. அதே காரணத்தால், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனபோது மீதிக் குப்பியைச் சரக்குப் பெட்டியில் போடாமல், சீட்டு, பில், அசல் அட்டைப்பெட்டி ஆகியவற்றோடு கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

எங்கள் மைனிக்கு (அண்ணிக்கு) வாட்ஸ்அப்பில் ஒரு பெண் ஏற்கெனவே ஊசி விற்க முன்வந்திருந்தார் என்பது இதற்கிடையில்தான் தெரிந்தது. மைனி காட்டிய படத்தில், பெயரோ தொகுதி எண்ணோ தயாரிப்பாளர் விவரமோ இல்லாமல், ஏற்கெனவே மருந்து நிரப்பிய சிரிஞ்சுகள் ஒரு டிஃபன் பாத்திரத்தில் கிடந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்டதை மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம் என்று சொல்லி, அடுத்த வாரம் மைனியையும் அதே மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

மருத்துவர் மைனியிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். தைராய்டு புற்றுநோய் என்ற இடத்தில் மைனி நிறுத்தி, தன் அம்மாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்ததையும், திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் இரண்டு வருடம் காட்டியதையும் சொன்னார். தைராய்டு புற்றில் பல வகை உண்டு என்றும், அது மெடுல்லரி வகையாக இருந்தால் இந்த ஊசியைப் போடவே கூடாது என்றும், பழைய திசுப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் தான் எதையும் எழுத மாட்டேன் என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து, ரேஷன் கார்டுகளுக்கும் பத்திரங்களுக்கும் அடியிலிருந்து அந்தப் பழுப்பு நிறக் கோப்பைத் தேடி எடுத்தோம். அறிக்கையின் முதல் பக்கத்தைக் காணவில்லை. மைனியின் தம்பி நகல் கேட்டு வாங்குவதற்காக மறுநாள் காலை ரயிலில் திருவனந்தபுரம் போனான்.