காரைக்குடில எல்கேஜிக்கு முன்னாடி ஒரு மாச வகுப்பு, ஆச்சி வீட்ல. அனுப்பலாமா?

ஜூன்ல பிள்ளைய மொதமொதலா ஸ்கூலுக்கு அனுப்பப் போறவங்க, காரைக்குடி சுத்துப்பட்டுல இருந்தா இதக் கொஞ்சம் பொறுமையா படிங்க. கொப்புடையம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு பெரிய பழைய வீட்ல ரிட்டையர்டு டீச்சர் ஒருத்தங்க, எல்லாருக்கும் அவங்க ஆச்சிதான், ஏப்ரல் கடைசிலருந்து மே முடியுற வரைக்கும் குட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்துறாங்க. போர்டு கெடையாது, கூகுள்ல தேடுனா வராது, வாய்வழியாத்தான் ஆள் சேருது. காலைல 9 மணிலருந்து 11.30 வரைக்கும், மொத்தமா 1800 ரூவா. எங்க பையன் இந்த வருஷம் எல்கேஜி, அதான் சேத்துவிட்டோம். என் மார்க் அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு பின்னாடி சொல்றேன், அதுல பாதி அங்க தனியா காசு வாங்கிக்கிட்டுக் குடுக்குற க்ரேயான், டப்பா கிட்டுக்காக மட்டும்.

மொதல்லயே சொல்லிர்றேன், ஏபிசிடி எழுத வைப்பாங்கன்னு நெனச்சுப் போனீங்கன்னா உங்களுக்கு செட்டாகாது. இங்க பென்சிலே கெடையாது. டிபன் பாக்ஸ தொறக்கறது, வாட்டர் பாட்டில் மூடிய திருகறது, செருப்ப கால் மாத்திப் போடாம இருக்கறது, டவுசர எறக்கி ஒண்ணுக்குப் போயிட்டு தானே திரும்ப ஏத்தறது, கை கழுவறது, மூக்கு சிந்தறது, யாராச்சும் அடிச்சா, பசிச்சா, பாத்ரூம் வந்தா வாயத் தொறந்து மிஸ்கிட்ட சொல்றது, இவ்ளோதான் சிலபஸ். கேக்க சப்புன்னு இருக்கும். ஆனா நாப்பது பிள்ளை உள்ள கிளாஸ்ல ஒரு மிஸ் எத்தன டப்பாவ தொறந்து குடுப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, இன்டர்வெல் முடிஞ்சு பெல் அடிச்சுரும், நம்ம பிள்ள மூடின டப்பாவ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்.

அந்த டப்பா வகுப்ப நான் நேர்லயே பாத்தேன். எவர்சில்வர் டப்பாவுல ரெண்டு ரெண்டு வெள்ளப் பணியாரம் வச்சு நல்லா அழுத்தி மூடி ஒவ்வொரு பிள்ள முன்னாடியும் வச்சுட்டு ஆச்சி கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. எம் பையன் டப்பாவ தூக்கி என்னப் பாக்குறான், எனக்குக் கை துறுதுறுங்குது, ஆச்சி ஒரு பார்வைதான் பாத்தாங்க, நான் அப்படியே உக்காந்துட்டேன். "தம்பி, வயித்தோட அணைச்சுப் பிடி, கட்டவெரல விளிம்புல குடுத்து மேல நெம்பு" அப்டின்னாங்க. அவன் நாக்கக் கடிச்சுக்கிட்டு நெம்புறான் நெம்புறான், திடீர்னு டப்புன்னு மூடி பறந்துபோயி ஒரு பணியாரம் தரையில உருண்டு ஓடிருச்சு. அத எடுத்து ஊதி தின்னுட்டு அடுத்தத எடுத்துட்டான். பக்கத்துல இருந்த பாப்பா தன்னோடத தொறக்க முடியாம அவன்கிட்ட நீட்டுச்சு பாருங்க, அதுக்கு மட்டும் ஆச்சி வேணாம்னு சொல்லல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அழுகைய அவங்க கையாளுற விதம். நம்ம ஊரு வீடு எப்படின்னு உங்களுக்கே தெரியும், முன்வாசல்ல நின்னா முகப்பு, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு எல்லாம் நேர்கோட்டுல பின்வாசல் வரைக்கும் தெரியும். அந்த அமைப்பத்தான் ஆச்சி அப்படியே பயன்படுத்துறாங்க. ஆரம்பத்துல அம்மாக்கள் வளவுலயே ஒரு ஓரமா உக்காந்துக்கலாம். கொஞ்ச நாள் கழிச்சு முகப்புக்குப் போகச் சொல்லுவாங்க, அதுக்கப்புறம் வெளித்திண்ணைக்கு. பிள்ள உள்ள இருந்து நிமிர்ந்து பாத்தா தூரத்துல அம்மா சேலை கொஞ்சம் தெரியும், பாத்துக்கிட்டு மறுபடி வெளையாடும். கடைசில நம்மள வீட்டுக்கே போகச் சொல்லிருவாங்க. ஒரே ஒரு கண்டிஷன், பிள்ள அசந்த நேரம் பாத்து நழுவக்கூடாது, "அம்மா போயிட்டு பதினொன்றரை மணிக்கு வாரேன்"னு மூஞ்சியப் பாத்து சொல்லிட்டுத்தான் கெளம்பணும், சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கணும். எங்கம்மா காலத்துல மிட்டாயக் குடுத்து ஏமாத்தி விட்டுட்டு ஓடுனதத்தான் நாம பாத்திருக்கோம். ஏமாத்திட்டுப் போனா மறுநாள் பிள்ள இன்னும் இறுக்கித்தான் பிடிச்சுக்கும், இதுல ஆச்சி சொல்றது நூத்துக்கு நூறு சரி.

விளையாட்டெல்லாம் வீட்ல கெடக்குற சாமான்லதான். ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரை, அதுல பச்சப் பூவ மட்டும் மிதிச்சுக்கிட்டே வரணும், ஆச்சி கை தட்டுனா ஒத்தக் கால்ல நிக்கணும். பல்லாங்குழில புளியமுத்த ஒண்ணொண்ணா எடுத்துப் போடணும், அள்ளிப் போடக் கூடாது. கொட்டான்ங்கற ஓலைக் கூடை முடையுற ஓலைய சாயம் ஏத்தி நறுக்கி வச்சிருக்காங்க, அத ஒண்ணுக்குள்ள ஒண்ணு மேல கீழ விட்டு எடுக்கணும், மூணு வயசுக்காரன் விரலுக்கு அது பெரிய வேலை. நாம பொழுதுபோக்குன்னு நெனப்போம், ஆனா கட்டவெரலும் ஆள்காட்டி விரலும் சேந்து பிடிக்கிற பலம் வந்தாத்தான் நாளைக்கு பென்சில் ஒழுங்கா நிக்கும். விரல்ல பலம் வர்றதுக்கு முன்னாடி நாலு கோடு நோட்டுல எழுத வச்சா பிள்ள பென்சில முஷ்டியா பிடிச்சுப் பழகிரும், அப்புறம் அத மாத்துறது பெரும்பாடு. எழுத்துன்னு பாத்தா தட்டுல அரிசி பரப்பி விரலால கோடு, வட்டம், வளைவு, அவ்ளோதான்.

இதுக்குத்தான் எங்க வீட்ல சண்டை. எங்க மாமியார் நேரா கேட்டுட்டாங்க, "ஏத்தா, அரிசில விரல் வச்சுக் கோடு போடுறதுக்கா ஆயிரத்தெட்டுநூறு? விஜயதசமிக்கு நம்ம வீட்லயே அவனுக்கு அரிசில அ எழுத வச்சாச்சுல்ல?" அவங்க கேட்டதுலயும் ஞாயம் இல்லாம இல்ல. இதுல முக்கால்வாசிய அப்பத்தாக்களே வீட்ல செஞ்சுரலாம், செலவே இல்ல. ஆனா வீட்ல நாலு பேரு இருக்கோம், அவன் டப்பாவ எடுத்தாலே நாலு கையும் நீளுது. தவிர, பத்துப் பதினஞ்சு பிள்ளைகளோட வரிசைல நின்னு தன் முறைக்குக் காத்திருக்கிறத வீட்ல எப்படிப் பழக்க முடியும்.

சனிக்கிழமைல பெத்தவங்களுக்குன்னு ஒரு கூட்டம் போடுறாங்க, அதுக்கு அப்பாக்களும் வந்தே ஆகணும். இது எனக்கு எதிர்பாக்காத போனஸ். பர்த் சர்டிபிகேட்ட எல்லாரும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க, பாத்தா பாதிப் பேரு சர்டிபிகேட்ல பிள்ள பேரே இல்ல! பொறந்த உடனே பதிவு பண்ணுறப்ப பேரு வைக்கல, அப்புறம் அத யாரும் திரும்பிப் பாக்கல. ஒரு வருஷத்துக்குள்ள பேரு சேத்தா பணம் இல்ல, அதுக்கு மேல போனா தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேக்கலாம், ஆனா அட்மிஷன் நேரத்துல ஆபீஸ்ல நிக்கிற கூட்டம் உங்களுக்கே தெரியும். 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பொறந்த பிள்ளைகளுக்கு ஸ்கூல்ல சேக்க பொறந்த தேதிக்கு ஆதாரம் பர்த் சர்டிபிகேட்தான்னு சட்டத்த மாத்திட்டாங்க, அதனால கைக்குழந்தை வச்சிருக்கவங்க இப்பவே எடுத்துப் பாத்துருங்க. நீலக் கலர் ஆதார் வச்சிருக்க பிள்ளைகளுக்கு 5 வயசானதும் கைரேக பதியணும், 5லருந்து 6 வயசுக்குள்ள டிபிடி பூஸ்டர் ஊசி ஒண்ணு இருக்கு, அதையும் ஞாபகப்படுத்தினாங்க.

அப்புறம் பேக். ஆச்சி காய்கறி நிறுக்குற தராச நடுவுல வச்சு ஒவ்வொருத்தர் பேகையும் தூக்கி வச்சாங்க. மத்திய அரசு 2020ல போட்ட ஸ்கூல் பேக் பாலிசில மழலையர் வகுப்புக்கு பேகே வேணாங்குது, ஒண்ணு ரெண்டாம் வகுப்புக்கே 1.6லருந்து 2.2 கிலோதான், பிள்ள எடைல பத்துல ஒரு பங்குங்கற கணக்கு. எங்க பையன் 14 கிலோ, நாங்க வாங்குன சக்கரம் வச்ச கார்ட்டூன் பேக் காலியாவே கல்லாட்டம் கனக்குது, அதுல ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் வேற. வீட்டுக்காரர் மூஞ்சியப் பாக்கணுமே, அவருதான் மதுரைல தேடிப் பிடிச்சு வாங்குனது. ஹோம்வொர்க் பத்தியும் பேச்சு வந்துச்சு, ஒண்ணு ரெண்டாம் வகுப்புக்கு ஹோம்வொர்க் குடுக்கக் கூடாதுன்னு 2018லயே சென்னை ஹைகோர்ட் சொல்லிருக்கு, எல்கேஜிக்கு பக்கம் பக்கமா எழுதச் சொன்னா மிஸ்கிட்ட போய் பக்குவமா பேசுங்கன்னாங்க. சண்டை போடாதீங்க, பிள்ள அங்கதான் உக்காந்திருக்கணும், அதையும் சேத்துச் சொன்னாங்க.

கவர்மென்ட் ஸ்கூல்ல நேரா ஒண்ணாப்பு சேரப்போற அஞ்சு வயசுப் பிள்ளைகளும் இதே வகுப்புல இருந்தாங்க, அவங்கள்ட்ட ஆச்சி பாதிப் பணம்தான் வாங்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். காலை உணவுத் திட்டம் 2022ல தொடங்கி அடுத்த வருஷமே எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துருச்சு, அங்க உப்புமா, கிச்சடி, பொங்கல்னு போடுறாங்க, அதனால அந்தப் பிள்ளைகளுக்கு தட்டு வச்சு கீழ சிந்தாம தானே சாப்பிடப் பழக்குறதுதான் முக்கியம்னு தனியா சொல்லிக் குடுத்தாங்க. ஊட்டிவிட்டே வளத்த எங்க வீட்டு ராசாவும் அதுல சேந்துக்கிட்டது எனக்கு லாபம்.

சரி, குறைகளுக்கு வரேன். கத்திரி வெயில்ல நடக்குற வகுப்பு, வளவு கொஞ்சம் குளுகுளுன்னுதான் இருக்கும், ஆனா கரண்ட் போச்சுன்னா பத்து மணிக்கு மேல பிள்ளைக வெந்து போயிருதுங்க, இன்வெர்ட்டர் ஒண்ணு வச்சா என்னவாம். பாத்ரூம் வீட்டோட கடைசிக் கட்டுல இருக்கு, அங்க போறதுக்குள்ள நனைச்சுட்டு அழுத பிள்ளைக உண்டு. தெரு குறுகலு, கார் கொண்டு வந்தா நிறுத்த எடமில்ல, திருவிழா நேரம்னா டூ வீலரே கஷ்டம். நடுவுல நின்னா காசு திரும்ப வராது.

இன்னொன்னு கொஞ்சம் சீரியஸ். உதவிக்கு ஒரு அக்கா இருக்காங்க, அன்பானவங்கதான், ஆனா எம் பையன் இடது கைல க்ரேயான் எடுக்குறப்பல்லாம் அவங்க நைசா பிடுங்கி வலது கைல வச்சுவிட்டாங்க. சோத்துக்கை பீச்சாங்கை பேச்செல்லாம் சாப்பாட்டோட நிறுத்திக்கிறது நல்லது, படம் போடுற கைய மாத்த வேண்டிய அவசியமே இல்ல. ஆச்சிகிட்ட சொன்னேன், உடனே கூப்பிட்டுக் கண்டிச்சாங்க, அப்புறமும் ஒரு தடவ நடந்துச்சு. உங்க பிள்ள இடது கைன்னா மொத நாளே சொல்லிருங்க.

அந்த கிட்டு 450 ரூவா. உடையுற க்ரேயான், மூடி நிக்காத பிளாஸ்டிக் டப்பா (டப்பா தொறக்கச் சொல்லிக் குடுக்குற இடத்துலயே!), மெலிசா ஒரு கலரிங் புக். ஆச்சி சொந்தக்காரப் பையன் ஒருத்தன் சப்ளை பண்றான்னு தெரிஞ்சுச்சு, அதுக்கு மேல நான் பேசல. செக்காலை ரோட்டுல இருக்க ஸ்டேஷனரி கடைக எதுலயும் இதவிட நல்ல சாமான் பாதி வெலைக்குக் கெடைக்கும்.

ஏசி ரூம்ல ஸ்கூல் ரெடினஸ் கோர்ஸ்னு நடத்துற இடங்களும் இப்ப வந்துருச்சு, ஒண்ணுல போய் விசாரிச்சேன், இதப்போல நாலு மடங்கு கேட்டாங்க, இன்டர்வியூல கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் மனப்பாடம் பண்ண வைப்போம்னு பெருமையா சொன்னாங்க. ஸ்கூல்ல சேக்க பிள்ளையவோ பெத்தவங்களையோ தேர்வு வச்சு வடிகட்டக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே 13வது பிரிவு இருக்கு, 6லருந்து 14 வயசுப் பிள்ளைகளுக்குத்தான் அது, எல்கேஜிக்கு நடக்குற கூத்து தனி. அதுக்கு ஒரு கோர்ஸு, அதுக்கு ஒரு பீஸு. அங்க சேத்தவங்களுக்கு அது பிடிச்சிருக்கலாம், எனக்கு வேணாம்.

யாரு அனுப்பலாம்னா, கூட்டுக் குடும்பத்துல செல்லமா வளந்து அம்மா முந்தானைய விடாத பிள்ளைன்னா கண்ண மூடிக்கிட்டு அனுப்புங்க. ஏற்கனவே அங்கன்வாடிக்கோ பிளே ஸ்கூலுக்கோ போயிட்டு வர்ற பிள்ளைன்னா அவ்ளோ அவசியமில்ல, சனிக்கிழமை கூட்டத்துக்கு மட்டும் வரலாமான்னு கேட்டுப் பாருங்க, ஆச்சி சரின்னுதான் சொல்லுவாங்க. தேவகோட்டை, புதுவயல் பக்கம் இருந்து வர்றவங்க வெயில்ல பிள்ளைய தெனமும் பஸ்ல கூட்டிட்டு வர்றது எனக்கென்னமோ வீண் அலைச்சலாத்தான் படுது.

ஏப்ரல் மொத வாரத்துலயே நேர்ல போய் பேரு குடுத்துருங்க, போன்ல கேட்டா சேக்குறதில்ல, பிள்ளையையும் கூட்டிட்டுப் போகணும். கிட் வேணாம்னு அப்பவே சொல்லிருங்க, சொல்லலன்னா ரசீதுல சேத்து எழுதிருவாங்க.