வெயில்பட்ட கள்ளிக்கு மருந்து விற்ற கடை

வேலூரில் கேக்டஸ் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு ஆயிரத்துச் சொச்சம் தண்டம், செடியும் போய்விட்டது. கடைப் பெயர் வேண்டாம். இதே வேலையைச் செய்கிற கடை அது ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு நர்சரியில் உருண்டைக் கள்ளி ஒன்று வாங்கினேன். பந்து மாதிரி உடம்பு, மஞ்சள் முள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, மேலே வண்ணக் கூழாங்கல். 650 ரூபாய். மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்டேன். "கள்ளி சார் இது, நம்ம ஊரு வெயிலுக்கெல்லாம் ஒன்னும் ஆவாது" என்றார் கடைக்காரர். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளிக்கு யார் குடை பிடித்தார்கள்?

கத்திரி தொடங்கி நாலே நாளில் செடியின் மேற்குப் பக்கம் மட்டும் வெளுத்துவிட்டது. பாதி பச்சை, பாதி காய்ந்த சோளத்தட்டை நிறம். போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் போனைக் கையில் வாங்கக்கூட இல்லை. "பூஞ்சை சார்" என்று ஒரு பொடி, ஒரு டானிக், 420 ரூபாய். நாள் விட்டு நாள் கரைத்து ஊற்றச் சொன்னார். பில் கேட்டதற்குச் சிரித்தார்.

இரண்டே வாரம். அடிப்பக்கம் பழுப்பாகி, விரலை வைத்தால் கனிந்த சப்போட்டா மாதிரி உள்ளே போனது. நாற்றம் வேறு. மண்ணைக் கிளறலாம் என்று கூழாங்கல்லை எடுத்தால், ஒரே தட்டாகக் கையோடு வந்தது. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்! அடியில் மண்ணே இல்லை, வெறும் தேங்காய் நார்த்தூள், பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. தொட்டியைக் கவிழ்த்தேன். ஓட்டை கிடையாது. கத்தியால் அடியிலிருந்து வட்டம் வட்டமாக அறுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு பழுப்பு வளையம் உச்சி வரை போயிருந்தது. சுத்தமான சதை கொஞ்சம் மிஞ்சியிருந்தால், ஒரு வாரம் நிழலில் உலர வைத்துத் திரும்ப நட்டிருக்கலாம்.

கடைக்காரரிடம் சொன்னால், "நீங்க தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க சார்."

முதலில் வந்தது வெறும் வெயில் சூடு. நர்சரியில் பச்சை வலைக்கடியில் வளர்ந்த செடியை நேரே மொட்டை மாடியில் வைத்தால் தோல் வெந்துவிடும். வேலியோரக் கள்ளி முளைத்த நாளிலிருந்து வெயிலில் நிற்கிறது, அதோடு இதை ஒப்பிட முடியாது. வெந்த இடம் வெயில் படும் பக்கத்தில் மட்டும் இருக்கும், காய்ந்து கெட்டியாக இருக்கும். அந்தத் தழும்பு மாறாது. ஆனால் செடி பெரும்பாலும் சாகாது, மருந்தும் தேவையில்லை. காலை வெயிலில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் இந்தத் தொல்லையே வராது.

ஆகவே நிறம் மாறினால் கடைக்கு ஓடாதீர்கள், ஒரு குச்சியால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அழுகல், அன்றைக்கே தொட்டியிலிருந்து எடுங்கள். வயதான செடியில் அடியிலிருந்து மரப்பட்டை மாதிரி பழுப்பு ஏறி, கல்லாக இருந்தால் அது மூப்பு, விட்டுவிடுங்கள். குருத்துப் பக்கம் துரு பூத்த மாதிரி இருந்தால் வெள்ளைத் தாளை அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன்.

இன்னொன்று. நீலம், ஊதா என்று கள்ளி விற்கிறார்களே, நகத்தால் ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள், பெரும்பாலும் பெயின்ட் உரியும். பெயின்ட் அடித்த தோலில் வெளிச்சம் சரியாகப் படாது. பச்சைத் தண்டின் மேல் சிவப்புக் குண்டு இருந்தால் அது நிஜ நிறம்தான். அந்தக் குண்டில் பச்சையமே கிடையாது, கீழே ஒட்டுக்கட்டிய தண்டுதான் சோறு போடுகிறது. அதைப் பூ என்று சொல்லி விலை ஏற்றினால் நம்பாதீர்கள்.

இப்போது பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பழைய கள்ளி ஒன்று மண் தொட்டியில், ஆற்று மணலும் செங்கல் பொடியும் தூக்கலாகக் கலந்த மண்ணில், கிழக்குப் படிக்கட்டில் இருக்கிறது. அடியில் பழுப்பு ஏறியிருக்கிறது. தினமும் அழுத்திப் பார்க்கிறேன். கல் மாதிரிதான் இருக்கிறது.